தாய்மண்: வேருக்கும் பூசணத்துக்கும் நடக்கும் கொடுக்கல் வாங்கல்



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எந்த மன்னனைப் பற்றி எழுதலாம், எந்தப் போரைப் பற்றி எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது என் பாட்டியின் ஞாபகம் வந்தது.

லயத்துக்குப் பின்னால் பாட்டிக்கு ஒரு சின்னத் தோட்டம் இருந்தது. மிளகாய், கத்தரி, ஒரு கறிவேப்பிலை மரம். பால்வெட்டு முடிந்து வந்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால் மாலையில் அதுதான் அவருக்கு வேலை. நாற்றுப் பாத்தியிலிருந்து கன்றைப் பிடுங்கி வேறிடத்தில் நடும்போது என்னைக் கூப்பிடுவார். நான் சின்னப் பயல். கன்றைப் பிடுங்கியதும் வேரில் ஒட்டியிருக்கும் மண்ணை உதறிவிடப் பார்ப்பேன். பாட்டி சத்தம் போடுவார்.

"டேய், ஒதறாதடா! தாய்மண்ணோட தூக்கு. மண்ணு போச்சுன்னா கன்னும் போச்சு."

"ஏன் பாட்டி, புதுக் குழியிலயும் மண்ணு இருக்கே?"

"அது வேற மண்ணு, இது வேற மண்ணு. எங்க ஆத்தா சொன்னுச்சு, நானும் சொல்றேன். செஞ்சிட்டுப் போவியா, கேள்வி கேட்டுக்கிட்டு நிக்கிறான்!"

காரணம் பாட்டிக்குத் தெரியாது; பழக்கம் தெரியும். அந்தப் பழக்கத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. மண்ணை உதறினால் மெல்லிய வேர்கள் அறுந்துபோகும் என்பது ஒன்று. அது எல்லாரும் அறிந்தது. இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாதது. அதைக் கண்டுபிடிக்க உலகத்துப் பேராசிரியர்களுக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பூசணம் என்றால் பயம்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பூசணம் என்றாலே பகைதான். ரப்பர் மரத்துக்கு வரும் வெள்ளை வேர் நோயை நம்மில் பலர் நேரில் பார்த்திருக்கிறோம். இலை பழுத்து, கிளை காய்ந்து, ஒருநாள் காற்றில் மரம் சாயும். தோண்டிப் பார்த்தால் வேர்மேல் வெள்ளை நூல் நூலாகப் படர்ந்திருக்கும். செம்பனையில் வேலை செய்கிறவர்களைக் கேட்டால் 'கனோடெர்மா' என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். அதுவும் பூசணம்தான். தண்டின் அடியை அரித்து மரத்தையே சாய்த்துவிடும்.

ஆகவே, "வேரில் பூசணம் இருந்தால்தான் மரம் நன்றாக வாழும்" என்று யாராவது சொன்னால் நாம் நம்புவோமா? அக்காலத்து அறிஞர்களும் நம்பவில்லை. வேரில் பூசணம் கண்டால் நோய் என்றே எழுதி வைத்தார்கள். 1840-ஆம் ஆண்டளவில் ஜெர்மன் நாட்டு வன அறிஞர் தியோடோர் ஹார்டிக் என்பவர் பைன் மரத்தின் வேர்நுனியை வெட்டிப் பெரிதாக்கிப் பார்த்துப் படம் வரைந்தார். வேரின் உயிரணுக்களுக்கு நடுவே வலை பின்னியதுபோல ஏதோ இருந்தது. அதை அப்படியே வரைந்தார். ஆனால் அது பூசணம் என்பது அவருக்குத் தெரியவில்லை. இன்றும் அந்த வலைக்கு 'ஹார்டிக் வலை' என்றே பெயர். கண்ணால் பார்த்தும் இன்னதென்று அறியாதவரின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது!

அரசாங்கம் தேடியது வேறு, கிடைத்தது வேறு

அடுத்த கட்டம் பெர்லின் நகரில் நடக்கிறது. ஐரோப்பாவில் 'டிரஃபிள்' என்று ஒரு பொருள் உண்டு. மண்ணுக்கடியில் உருண்டையாக விளையும் ஒருவகைக் காளான். பன்றியையும் நாயையும் விட்டு மோப்பம் பிடித்துத் தோண்டி எடுப்பார்கள். பணக்காரர் வீட்டு விருந்துக்குப் போகும். விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். இதை விதைத்துப் பயிர் செய்ய முடியுமா என்று பிரஷ்ய அரசாங்கத்துக்கு ஆசை வந்தது. வேளாண்மை அமைச்சு அந்த வேலையை ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற தாவரவியல் பேராசிரியரிடம் ஒப்படைத்தது.

ஃபிராங்க் காட்டுக்குப் போனார். டிரஃபிள் எந்த மரத்தடியில் கிடைக்கிறதோ அந்த மரத்தின் வேரையெல்லாம் எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தார். ஓக், பீச், ஹேசல், பைன் என்று எந்த மரத்தைப் பார்த்தாலும் ஒரே காட்சிதான். வேரின் நுனிகளுக்குக் காலுறை மாட்டியதுபோலப் பூசணம் போர்த்தியிருந்தது. அதிலிருந்து நூல்கள் வெளியே மண்ணுக்குள் ஓடின. உள்ளேயும் போய் வேரின் உயிரணுக்களுக்கு இடையே வலையாகப் படர்ந்திருந்தன. இதில் ஒரு விசேஷம் பாருங்கள். இப்படிப் பூசணம் போர்த்திய மரங்கள் நோயாளி மரங்கள் அல்ல; தளதளவென்று நின்ற மரங்கள்!

நோய் என்றால் மரம் வாடவேண்டும். வாடவில்லை. அப்படியானால் இது நோயில்லை, உறவு என்று ஃபிராங்க் முடிவு கட்டினார். 1885-ஆம் ஆண்டில் இதை ஒரு கட்டுரையாக வெளியிட்டு, இந்தக் கூட்டுக்கு 'மைக்கோரைசா' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'மைக்கஸ்' என்றால் பூசணம், 'ரைசா' என்றால் வேர். நாம் வேர்ப்பூசணம் என்று சொல்லிக்கொள்ளலாம். பூசணம் மண்ணிலிருந்து நீரையும் சத்தையும் எடுத்து மரத்துக்கு ஊட்டுகிறது, செவிலித்தாய் போல, என்பது அவர் கருத்து.

டிரஃபிள் பயிர் செய்யும் திட்டம் என்னவாயிற்று? அவரால் அது கைகூடவில்லை. கிழங்கு தோண்டப் போனவனுக்குப் புதையல் கிடைத்த கதையாயிற்று.

உண்மையைச் சொல்லவேண்டுமானால், ஃபிராங்குக்கு முன்பே ஒருவர் இதன் வாசலுக்கு வந்திருந்தார். போலந்து நாட்டவரான ஃபிரான்சிஷெக் காமியென்ஸ்கி. 'மோனோட்ரோப்பா' என்று ஓர் அதிசயச் செடி உண்டு. அதற்குப் பச்சை நிறமே கிடையாது. மெழுகு நிறத்தில் காட்டு மரங்களின் நிழலில் முளைக்கும். பச்சையம் இல்லாத செடி வெயிலைக்கொண்டு சோறாக்க முடியாது. அப்படியானால் எதைத் தின்று வாழ்கிறது? காமியென்ஸ்கி 1880-களின் தொடக்கத்தில் அதன் வேரை ஆராய்ந்தார். வேர் முழுவதும் பூசணம் போர்த்தியிருந்தது. வெளி மண்ணை அந்த வேர் நேராகத் தொடவே இல்லை. ஆகவே பூசணம்தான் அதற்குச் சோறு போடுகிறது என்று எழுதினார். பக்கத்து மரத்தின் வேரிலும் அதே மாதிரிப் பூசணம் இருப்பதைக் கவனித்தார். ஒருவேளை மரத்தின் சத்துதான் பூசணம் வழியாக இந்தச் செடிக்கு வருகிறதோ என்ற கேள்வி அப்போதே பிறந்துவிட்டது. விடை கிடைக்க எண்பது ஆண்டுகள் ஆயின. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஃபிராங்கின் கருத்தை எல்லாரும் உடனே ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. எதிர்த்து எழுதியவர்கள் பலர். அவர் வாய்ச்சண்டைக்குப் போகாமல் சோதனை செய்தார். காட்டு மண்ணை எடுத்து அதில் ஒரு பாதியைச் சூடேற்றிப் பூசணத்தைக் கொன்றார். மறுபாதியை அப்படியே விட்டார். இரண்டிலும் பைன் கன்றுகளை வளர்த்தார். பூசணம் உள்ள மண்ணில் கன்றுகள் செழித்தன. கொன்ற மண்ணில் கன்றுகள் நலிந்தன. பாட்டி சொன்ன 'அது வேற மண்ணு, இது வேற மண்ணு' இதுதானே!

கொடுப்பது என்ன, வாங்குவது என்ன?

இனி இந்தக் கொடுக்கல் வாங்கலின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

மரத்துக்கு இலை இருக்கிறது. வெயிலையும் காற்றையும் நீரையும் கொண்டு சர்க்கரை செய்கிறது. பூசணத்தால் அது முடியாது. மரத்துக்குக் குறையாக இருப்பது மண்ணில் உள்ள உப்புச் சத்து, முக்கியமாகப் பாஸ்பரஸ். நம் தோட்டங்களில் உரம் போட்டவர்களுக்குப் பாறைத்தூள் உரம் தெரியும். அதில் இருப்பது இந்தச் சத்துதான்.

பாஸ்பரஸ் மண்ணில் நகராத பொருள். குறிப்பாக நம் நாட்டுச் செம்மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று கிடக்கும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதை உறிஞ்சிவிட்டால் அதோடு தீர்ந்தது. பந்தியில் உட்கார்ந்தவன் கை எட்டும் தூரத்துச் சோறு காலியாகிவிட்டது போல. இங்கேதான் பூசண நூல் கைகொடுக்கிறது. அது மனிதத் தலைமயிரைவிடப் பத்துமடங்கு மெல்லியது. வேர் நுழைய முடியாத இடுக்கிலெல்லாம் நுழையும். வெகுதூரம் போய்ச் சத்தை எடுத்து வந்து வேரிடம் கொடுக்கும். அதற்குக் கூலியாக மரம் சர்க்கரை கொடுக்கும். மரம் தான் செய்யும் உணவில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் ஐந்தில் ஒரு பங்குகூட, இப்படிக் கூலியாகப் போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. ஃபிராங்க் பார்த்தது வேருக்கு வெளியே போர்வை போர்த்தும் வகை. மற்றொன்று வேரின் உயிரணுவுக்குள்ளேயே புகுந்து குட்டி மரம்போலக் கிளைவிடும் வகை. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டாவது வகை மிகப் பழையது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் கிடைத்த நாற்பது கோடி ஆண்டுப் பழைமையான கல்லில், அக்காலச் செடிகளின் உள்ளே இந்தப் பூசணம் கல்லாகிக் கிடக்கிறது. அந்தச் செடிகளுக்கு இன்றுள்ளதுபோன்ற வேர்கூட இல்லை. வேர் பிறக்கும் முன்பே இந்த உறவு பிறந்துவிட்டது என்றால் மிகையாகாது. இன்று நிலத்தில் வாழும் தாவரங்களில் பத்தில் எட்டுக்கு மேல் ஏதோ ஒரு வகையில் வேர்ப்பூசணத்தோடு கூட்டு வைத்திருக்கின்றன.

ஒரு கூடை மண் செய்த வேலை

இந்த ஆராய்ச்சி காகிதத்தில் இருந்தவரை யாருக்கும் அவசரமில்லை. வெள்ளைக்காரர்கள் பைன் மரத்தை உலகமெங்கும் நட ஆரம்பித்தபோதுதான் தொல்லை வந்தது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் பைன் மரம் இயற்கையாக இல்லை. புதிய நாற்றங்கால்களில் விதை முளைக்கும். பிறகு கன்று மஞ்சளாகி நின்றுவிடும். உரம் போட்டும் தேறவில்லை. அங்கே வனத்துறைத் தலைவராக இருந்த கெஸல் என்பவர், நன்றாக வளர்ந்திருந்த பழைய பைன் தோட்டத்து மண்ணைக் கொண்டுவந்து புதிய பாத்தியில் கலக்கச் செய்தார். கன்றுகள் பச்சை பிடித்தன! மண்ணில் இருக்கும் ஏதோ ஓர் உயிர்தான் காரணம் என்று 1927-இல் எழுதினார்.

புவெர்ட்டோ ரிக்கோ தீவிலும் இதே கதை. 1930-கள் தொடங்கிப் பைன் கன்று நட்டு நட்டுச் சலித்துப் போனார்கள். ஓர் அடி உயரம் வருவதற்குள் மஞ்சளாகிச் சாகும். 1955-இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கன்றுகளின் வேரடியில் இட்டார்கள். மண் பெற்ற கன்றுகள் வளர்ந்தன. மண் பெறாதவை பழையபடி செத்தன. இருபது ஆண்டுத் தோல்வியை ஒரு கூடை மண் மாற்றிவிட்டது.

இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். நம் ரப்பர் மரமும் அந்நிய மரம்தானே? 1876-இல் பிரேசிலிலிருந்து விதையாக லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து கன்றாக இலங்கைக்கும், 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கும் வந்தது. அதற்கு ஏன் பிரேசில் மண் தேவைப்படவில்லை?

விடை எளிது. பைன் மரம் போர்வை வகைப் பூசணத்தோடு மட்டும் சேரும். அதுவும் தன் இனத்துக்குப் பழகியதாக இருக்கவேண்டும். ரப்பர் மரமோ உள்ளே புகும் வகையோடு சேரும். அந்த வகை ஊர் பார்க்காது, சாதி பார்க்காது. எந்த நாட்டு மண்ணிலும் இருக்கும். வந்த மரத்தோடு சேர்ந்துகொள்ளும். கப்பலில் வந்து இறங்கிய கன்றுக்கு இந்த மண்ணிலேயே துணை கிடைத்துவிட்டது. செம்பனைக்கும் அப்படித்தான். நம் முன்னோர் வந்த கதையை நினைத்தால், கன்று நம்மைவிடக் கொடுத்துவைத்தது என்றுகூடத் தோன்றுகிறது.

ஆனால் தொடக்ககாலத் தோட்ட நிர்வாகங்கள் மண்ணை என்ன பாடு படுத்தின? மரத்தடியில் ஒரு புல் இருக்கக்கூடாது என்பது அன்றைய சட்டம். தரை வீட்டு வாசல்போலச் சுத்தமாக இருக்கவேண்டும். நம் பாட்டிமார் குனிந்த முதுகு நிமிராமல் புல் வெட்டினார்கள். பெருமழை வந்தது; மேல்மண் ஆற்றுக்குப் போனது. பூசண நூல் குடியிருந்ததும் அந்த மேல்மண்ணில்தான். பிறகுதான் புத்தி வந்து, தரையை மூடும் பயறு வகைக் கொடிகளைப் பரப்பினார்கள். அந்தக் கொடி மழையைத் தாங்கியது, தழைச்சத்தைச் சேர்த்தது, அதன் வேரிலும் அதே வகைப் பூசணம் வாழ்ந்தது. மண்ணைச் சுத்தம் செய்கிறோம் என்று நினைத்துக் கூலி கொடுத்து மண்ணை ஏழையாக்கிய காலம் அது. இதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கதிரியக்கம் சொன்ன சாட்சி

மரம் வளர்கிறது என்பது தெரிகிறது. ஆனால் பூசணம்தான் கொடுத்தது என்று எப்படி நிரூபிப்பது? ரூபாய் நோட்டில் அடையாளம் போட்டுக் கள்ளனைப் பிடிப்பதுபோல, சத்தில் அடையாளம் போட்டுப் பிடித்தார்கள்.

சுவீடன் நாட்டில் எலியாஸ் மெலின் என்ற பேராசிரியர் 1920-களிலேயே பூசணத்தையும் பைன் கன்றையும் தனித்தனியே சுத்தமாக வளர்த்து, கண்ணாடிக் குடுவையில் ஒன்றுசேர்த்துக் கூட்டு உண்டாக்கிக் காட்டியவர். 1950-இல் அவரும் நில்சன் என்பவரும் கதிரியக்கப் பாஸ்பரஸைப் பூசண நூலுக்கு மட்டும் கொடுத்தார்கள். அது கன்றுக்குள் போயிற்று. 1957-இல் கன்றின் இலைக்குக் கதிரியக்கக் கரிவாயு கொடுத்தார்கள். அதிலிருந்து உண்டான சத்து கீழிறங்கிப் பூசணத்தில் தென்பட்டது. கொடுத்ததும் வாங்கியதும் இரண்டும் நிரூபணமாயின.

1960-இல் அதே நாட்டு எரிக் பியோர்க்மன் மோனோட்ரோப்பா வழக்கை எடுத்தார். கதிரியக்கச் சர்க்கரையைக் காட்டு மரத்தின் பட்டைக்குள் செலுத்தினார். சில நாளில் அது அருகிலிருந்த நிறமற்ற செடிக்குள் வந்திருந்தது. எண்பது ஆண்டுகளுக்கு முன் காமியென்ஸ்கி எழுப்பிய கேள்விக்கு விடை கிடைத்தது. ஒரு மரத்தின் உணவு பூசணம் வழியாக வேறொரு செடிக்குப் போகமுடியும்!

நம் நாட்டுக் காட்டில்

'எல்லாம் வெள்ளைக்கார நாட்டுக் கதையாக இருக்கிறதே' என்று நினைக்காதீர்கள். மெராந்தி, கெருயிங், கபூர், செங்கால், பாலாவ் என்று மரப்பட்டறையில் நாம் கேட்கும் பெயர்களெல்லாம் 'டிப்டெரோகார்ப்' என்ற ஒரே குடும்பத்து மரங்கள். அவற்றின் பழங்களுக்குப் பெரும்பாலும் இறக்கை உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே ஒன்றாகப் பூத்து, பழங்கள் காற்றில் சுழன்று சுழன்று விழும்.

வெப்பநாட்டுக் காட்டு மரங்களில் பெரும்பாலானவை உள்ளே புகும் வகையோடு சேர்பவை. ஆனால் இந்தக் குடும்பமோ பைன், ஓக் போலப் போர்வை வகையோடு சேர்கிறது. 1966-இல் 'மலாயன் ஃபாரஸ்டர்' என்ற வன இதழில் கே. ஜி. சிங் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி எழுதினார். பிறகு கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தில் இதே துறையில் தொடர்ந்து ஆராய்ச்சிகள் நடந்தன.

இதனால் நமக்கு என்ன? சொல்கிறேன். மெராந்தி விதையை அரிசிபோலச் சேமித்து வைக்கமுடியாது. விழுந்து சில வாரங்களில் முளைக்காவிட்டால் செத்துவிடும். காட்டில் தாய்மரத்தடியில் முளைக்கும் கன்று, முளைத்த கொஞ்ச நாளிலேயே அங்கிருக்கும் பூசண நூலோடு சேர்ந்துகொள்கிறது. காட்டை மொட்டையடித்து, புல்டோசர் ஓட்டி மேல்மண்ணை வழித்துப்போட்டுவிட்டு, 'சரி, இப்போது மெராந்தி நடுவோம்' என்றால், கன்று வெயிலில் சுடும் வெறுந்தரையில் துணையில்லாமல் நிற்கவேண்டியிருக்கிறது. மரத்தை வெட்டினால் மரம் மட்டும் போவதில்லை. அந்த மரம் கூலி கொடுத்து வளர்த்த பூசணமும் பட்டினியால் போகிறது.

தாய் மரம் பால் கொடுக்கிறதா?

இப்போது மிகவும் பேசப்படும் கட்டத்துக்கு வருவோம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வன அதிகாரிகள் டக்ளஸ் ஃபர் மரத்தைப் பணப்பயிராக நட்டு, இடையில் முளைத்த பிர்ச் மரத்தைக் களை என்று அழித்துவந்தார்கள். சூசன் சீமார்ட் என்ற பெண்மணி அங்கே ஆய்வு செய்தார். இரு இனக் கன்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டு, பைகளால் மூடி, ஒன்றுக்கு ஒருவகை அடையாளமிட்ட கரிவாயுவும் மற்றொன்றுக்கு வேறுவகையும் கொடுத்தார். இதன் சத்து அதிலும், அதன் சத்து இதிலும் இருந்தது. கூட்டிக் கழித்தால் ஃபர் கன்றுக்கே வரவு அதிகம். நிழலில் வைத்த ஃபர் கன்றுக்கு இன்னும் அதிகம். 1997-இல் 'நேச்சர்' இதழில் இது வெளியாகி உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது.

அதன்பிறகு கதை பெரிதாயிற்று. காட்டுக்கடியில் தொலைபேசிக் கம்பிபோல வலை இருக்கிறது, தாய் மரம் தன் பிள்ளைக் கன்றை அடையாளம் கண்டு பால் ஊட்டுகிறது, ஆபத்து வந்தால் எச்சரிக்கை அனுப்புகிறது என்றெல்லாம் புத்தகமும் படமும் வந்தன. கேட்க இனிமையாக இருக்கிறது. நானும் வகுப்பில் பிள்ளைகளுக்கு இப்படியே சொல்லியிருக்கிறேன். கண்களை விரித்துக் கேட்டார்கள்.

ஆனால் உண்மை என்ன? சுவிட்சர்லாந்தில் 40 மீட்டர் உயர மரங்களுக்கு அடையாளமிட்ட கரிவாயு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. பக்கத்து மரங்களின் மெல்லிய வேர்வரை அது போயிருந்தது. தண்டிலும் இலையிலும் ஏறியதாகத் தெரியவில்லை. அதே ஆண்டு சபா காட்டில் நடந்த சோதனை ஒன்று வெளியாயிற்று. நம் டிப்டெரோகார்ப் கன்றுகளில் சிலவற்றைப் பூசண வலையோடு சேரவிட்டும் சிலவற்றைத் துண்டித்தும் வளர்த்தார்கள். வலையோடு சேர்ந்ததால் பெரிய நன்மை எதுவும் தென்படவில்லை. 2023-இல் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹெக்ஸெமா என்ற மூவர் இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி எழுதினார்கள். வேரில் பூசணம் இருப்பதும் கொடுக்கல் வாங்கல் நடப்பதும் உண்மை. ஆனால் பெரிய மரம் தன் பிள்ளையைத் தேடிப்பிடித்து ஊட்டுகிறது என்பதற்குக் காட்டில் சான்று இல்லை என்றார்கள். இம்மூவரில் மெலனி ஜோன்ஸ், 1997-ஆம் ஆண்டுக் கட்டுரையில் சீமார்டுடன் கையெழுத்திட்டவர்களில் ஒருவர்! தான் கலந்துகொண்ட ஆய்வைப் பற்றியே, 'நாம் சொன்னதற்குமேல் உலகம் பேசிவிட்டது' என்று எடுத்துச்சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! சீமார்ட் தம் கருத்தில் உறுதியாக நிற்கிறார். வழக்கு இன்னும் தீரவில்லை.

இதை நம் தோட்டத்துப் பாஷையில் சொன்னால் எளிதில் விளங்கும். பூசணத்தை நாம் தபால்காரர் என்று நினைத்துவிட்டோம். தபால்காரர் கடிதத்தைப் பிரிக்கமாட்டார். பூசணமோ பழைய காலத்துக் கங்காணி மாதிரி. இரண்டு பக்கமும் பேசும். இரண்டு பக்கமும் வேலை நடக்கவைக்கும். நடுவில் தன் பங்கை எடுத்துக்கொள்ளாமல் விடாது. அதற்கும் ஒரு வயிறு இருக்கிறது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

அதனால் இந்த உறவின் பெருமை குறைந்துவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்பினால் அல்லாமல் நியாயமான கூலியினால் நாற்பது கோடி ஆண்டு ஒரு கூட்டு நிலைத்திருக்கிறது என்பது அதைவிடப் பெரிய அதிசயம். ஒருவன் உழைப்பை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காத இடத்தில் கூட்டு நிலைக்காது. இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

மாணவச் செல்வங்களே, ஒரு சோதனை சொல்கிறேன். வீட்டில் பெரியவர்களை வைத்துக்கொண்டு செய்யுங்கள். மண்ணை நன்றாக வேகவைத்து ஆறவிட்டு இரண்டு கன்றுப் பைகளில் நிரப்புங்கள். ஒன்றில் மட்டும், பழைய மரத்தடியிலிருந்து எடுத்த ஒரு கைப்பிடி வேகாத மண்ணைக் கலந்துவிடுங்கள். இரண்டிலும் சோளம் ஊன்றி, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, வாரம் ஒருமுறை உயரத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒருமுறை பார்த்து முடிவு கட்டாதீர்கள். வேகவைத்த மண்ணில் முதலில் செடி வேகமாக வளர்ந்தாலும் வளரும். வெந்த மண் கொஞ்சம் சத்தை விட்டுக்கொடுக்கும். பலமுறை செய்யுங்கள். வந்ததை வந்தபடி எழுதுங்கள். வரவேண்டும் என்று ஆசைப்பட்டதை எழுதாதீர்கள். அதுதான் கல்வி.

ஒரு விஷயம் ஞாபகமிருக்கட்டும். அயல்நாட்டிலிருந்து மண்ணையோ செடியையோ நாமாகக் கொண்டுவரக் கூடாது. நல்ல பூசணம் வரும் வழியில்தான் கெட்ட பூசணமும் வரும்.

பெற்றோர்களே, நேரம் கிடைத்தால் பிள்ளைகளைக் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு அழைத்துப் போங்கள். 1926-இல் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது அது ஈயம் தோண்டிய பள்ளமும் காய்கறிக் கொல்லையுமாகக் கிடந்தது. கன்று கன்றாக நட்டார்கள். இன்று உள்ளே நுழைந்தால் ஆதிக்காடு என்றே நினைப்பீர்கள். 2025-ஆம் ஆண்டில் அதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கெட்டுப்போன மண்ணும் மனிதன் பொறுமையாக உழைத்தால் தேறும் என்பதற்கு அது சாட்சி. அங்கே கபூர் மரங்களுக்கடியில் நின்று மேலே பார்ப்பதோடு நிறுத்தாமல், கீழே தரையையும் கொஞ்சம் காட்டுங்கள்.

என் பாட்டி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் வராது. ஆனால் பெர்லின் பேராசிரியர் மண்ணைச் சூடாக்கிக் கண்டுபிடித்ததில் ஒரு பாதி அவர் கைப்பழக்கத்தில் இருந்தது. மறுபாதிதான் 'ஏன்?' என்ற கேள்வி. அதைக் கேட்க அவருக்கு நேரமும் இல்லை, யாரும் விடவும் இல்லை. இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகள் அந்த மறுபாதியைக் கேட்கவேண்டும்.

இந்தப் பள்ளியைவிட்டு வெளியே போகும் ஒவ்வொரு பிள்ளையும் இடம் மாறி நடப்படும் கன்றுதான். இடைநிலைப் பள்ளி, பட்டணம், வெளிநாடு என்று எங்கே போனாலும் வேரில் ஒட்டிய தாய்மண்ணை உதறிவிடாதீர்கள்.

வாழ்க மாணவர்கள்! வளர்க நம் தமிழ்ப்பள்ளி!